பாண்டிமீனா குழந்தையோட அப்பா

உக்காருங்க தம்பி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? எனக்கு இடமெல்லாம் வேண்டாம். நான் நடந்துக்கிட்டேதான் இருப்பேன். இந்தக் கதவுல இருந்து அந்த ஜன்னலுக்கு எத்தனை எட்டுன்னு கேளுங்க, இருபத்திரெண்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே வராண்டாவுல பதினேழு நாள் கிடந்திருக்கேன். அப்ப இந்த பெஞ்சு கூடக் கிடையாது.

உள்ள உங்களுக்கு யாரு? பையனா. எத்தனை நாளு? மூணு நாளா! என்னவாம்? குடல்ல அடைப்பா. எப்ப உள்ள கொண்டு போனாங்க? ஒம்பதரைக்கா. அப்ப இன்னும் நேரமாகும். பயப்படாதீங்க. உங்களுக்கும் ஷர்மிளா பானு டாக்டரம்மாதானே? அப்ப ஒண்ணும் இல்ல, கை சுத்தமான கை. வாய்தான் கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கும். எனக்கும் அவங்களுக்கும் ஒரு பஞ்சாயத்தே ஓடிச்சு. சொல்றேன்.

எனக்குப் பொண்ணு. சாதனா. இருபது மாசம். அந்தா அழுகுற சத்தம் கேக்குதுல்ல, அவதான். வலியெல்லாம் இல்ல, பசி. விடிஞ்சதுல இருந்து ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. இந்தக் கையில இருக்குறதா? இது சம்மதப் பத்திரம். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மயக்க மருந்து குடுத்துருவாங்க. போடத்தான் போறேன். படிச்சுப் பாத்துட்டுத்தானே போடணும்? என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படிப் போடுறது?

நான் வத்தலக்குண்டு. நல்லுச்சாமின்னு கேட்டா பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரும் சொல்வாங்க. பிளம்பர். பதினாலு வருஷமா குழாய் வேலைதான். நான் மாட்டின இடத்துல ஒரு சொட்டு ஒழுகாது, எவனையும் கேட்டுப் பாருங்க. அப்படிப்பட்டவன் வீட்டுல பாருங்க, கடவுள் எதை வச்சு வெளையாடுறாருன்னு.

எம் பொண்டாட்டி பேரு பாண்டிமீனா. கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சு உண்டானா. ஏழாம் மாசம் ஸ்கேன்ல வயித்துல தண்ணி அதிகமா இருக்குன்னாங்க. தண்ணி அதிகமா இருந்தா நல்லதுதானேன்னு நான் சொன்னேன். ஊரே தண்ணியில்லாம கிடக்குதேன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கும். பயமும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. அப்படி ஒரு பிறவி.

எங்க ஊர் ஆஸ்பத்திரியிலதான் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தாங்க. விடியக்காலம். வெளிய கொண்டாந்து காமிச்சாங்க. செக்கச்செவேல்னு, தலை நிறைய முடி. நான் சாக்லேட் வாங்கி வார்டு முழுக்கக் குடுத்துட்டேன், வாட்ச்மேனுக்கு ரெண்டு. ஒரு மணி நேரம் இருக்கும். நர்ஸம்மா குழந்தை வாயில நுரை நுரையா வருதுன்னாங்க. துடைக்கத் துடைக்க வருது. பால் ஒரு சங்கு குடுத்ததும் புள்ள நீலமாப் போச்சு. மூக்கு வழியா ஒரு டியூப்பை விட்டுப் பாத்தாங்க. நாலு விரக்கடைக்கு மேல இறங்கல. சுருண்டு சுருண்டு வாய்க்கே திரும்பி வருது. எனக்கு அதைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு தம்பி. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே. கம்பி விட்டு இடிச்சா என்ன அர்த்தம்? அங்க வழியில்லன்னு அர்த்தம்.

நமக்கெல்லாம் வாயில இருந்து வயித்துக்கு ஒரே குழாய். எம் பொண்ணுக்கு அது பாதியிலயே முடிஞ்சு போச்சு. மேல இருந்து வர்றது மூடி போட்ட மாதிரி நிக்குது. கீழ வயித்துல இருந்து வர்றது மேல ஏறி மூச்சுக் குழாயில போய் ஒட்டிக்கிச்சு. பால் குடிச்சா நுரையீரலுக்குப் போகும். எச்சி முழுங்கினாக்கூடப் போகும். உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க.

ஆம்புலன்ஸ்ல நானும் என் கொழுந்தியா நாகஜோதியும் ஏறினோம். காலேஜுல படிக்குற புள்ள, பத்தொம்பது வயசு. மீனாவுக்கு வயித்துத் தையலு ஈரம் காயல, அவ எங்க வர்றது? படுத்துக்கிட்டே குழந்தை நெத்தியில கை வச்சா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "விட்டுட்டு வந்துராதீங்க."

என்ன பேச்சு பாருங்க. பெத்த அப்பனைப் பாத்து.

அந்த வண்டியில ஒரு மெசின் இருந்துச்சு. எச்சியை உறிஞ்சுற மெசின். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ஆளு சின்னக் குழாயைப் புள்ள வாயில விடுவாரு. சர்ர்ர்ருனு ஒரு சத்தம் வரும். புள்ள உடம்பு வில்லு மாதிரி வளையும். அழுகைச் சத்தமே வராது. நான் வெளிய பாத்துக்கிட்டே வந்தேன். நாகஜோதிதான் குழந்தையோட காலைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. முன்னாடி எங்க எங்க டிராபிக்குன்னு யாராவது பாக்கணும்ல?

இங்க வந்து சேரும்போது மூணு மணி. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. கையில ஒரு பட்டையைக் கட்டினாங்க. அதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? பாண்டிமீனா குழந்தை. என் பேரே இல்ல! கூடவே வந்தவன் நானு. கேட்டேன். இங்க அப்படித்தான் சார் எழுதுவோம்னாங்க. அங்க ஆரம்பிச்சது தம்பி எனக்கு.

நாலு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் படம் வரைஞ்சாங்க. ரெண்டு கோடு மேல, ரெண்டு கோடு கீழ, நடுவுல இடைவெளி. நான் கேட்டேன், "நடுவுல ஒரு சாக்கெட் மாதிரி எதுனா போட்டுச் சேர்ப்பீங்களாம்மா?" அவங்க சிரிக்கல. அதை மட்டும் நான் ஒத்துக்கிறேன். "இல்லப்பா, குழந்தையோட சதையையே இழுத்து வச்சுத் தைப்போம். முடியை விட மெல்லிசான நூல்"ன்னாங்க.

"தச்சா பொழைச்சுக்குமா?"

"பெரும்பாலும் பொழைச்சுக்கும். எடை ரெண்டு கிலோ நூறுதான் இருக்கு. காலையில இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு நாளைக்கே பண்ணிடலாம். நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது."

"பண்ணாம விட்டா?"

அதுக்கு அவங்க என்னையே பாத்தாங்க. "பண்ணாம விட்டா நூத்துக்கு நூறு சொல்லலாம்"ன்னாங்க. பாத்தீங்களா வாயை? நான் ஒரு வீட்டுக்குப் போனா, ஒழுகாதும்மா, நான் பொறுப்புன்னு சொல்லிட்டுத்தான் ரெஞ்சைக் கையிலயே எடுப்பேன். இவங்க சம்மதப் பத்திரத்தை நீட்டுறாங்க. உயிருக்கு ஆபத்து நேரலாம், அதுக்கு நானே சம்மதிக்கிறேன்னு எழுதியிருக்கு. நானே! நான் போடுற கையெழுத்துல புள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?

வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்னு சொன்னேன். போன்ல கேளுங்களேன்னாங்க. இல்லங்க, நேர்லதான் கேக்கணும். சரி, காலையில எட்டு மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கு மேல தள்ளிப் போட முடியாதுன்னாங்க. நாகஜோதிகிட்ட டீ குடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டு இறங்கினேன்.

டீ குடிக்கத்தான் போனேன் தம்பி. எதுத்தாப்புல கடையில கூட்டம். அடுத்த கடையில பால் தீஞ்ச வாடை. அப்படியே ஒவ்வொரு கடையாப் பாத்துக்கிட்டே போனேனா, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டே வந்துருச்சு. வத்தலக்குண்டு வண்டி கிளம்பிக்கிட்டு நின்னுச்சு. ஏறிட்டேன். ஓடிப் போனேன்னு மீனா வீட்டு ஆளுங்க இன்னைக்கும் பேசுறாங்க. ஓடிப் போறவன் சொந்த ஊருக்கா போவான்? வேற எங்கிட்டாவது போக மாட்டானா?

வீட்டுல யாருகிட்ட கேட்டேனா? எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அண்ணன் திருப்பூர்ல. வீடு பூட்டித்தான் கிடந்துச்சு. கேக்கணும்னா ஆளா வேணும்? நமக்கு நாமே கேட்டுக்கிறதில்லையா?

காலையில எந்திரிச்சேன். முகம் கழுவினேன். மதுரைக்குத்தான் கிளம்பினேன், சத்தியமா. ஆனா பாருங்க, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் வீட்டுல மாடித் தொட்டிக்கு லைன் இழுத்துட்டுப் பாதியில நிக்குது. அந்த வீட்டுல நாலு நாளாத் தண்ணி இல்ல. ஒத்துக்கிட்ட வேலை. அதை முடிச்சுக் குடுத்துட்டு ஒரேயடியாப் போயிரலாம், ரெண்டு மணி நேரத்து வேலைதானேன்னு பையை எடுத்துக்கிட்டுப் போனேன். போனை அணைச்சு வச்சுட்டேன். தண்ணியில வேலை பாக்கும்போது பாக்கெட்ல இருந்து விழுந்துரும்ல, அதுக்குத்தான்.

ரெண்டு மணி நேரத்துல முடியல. நல்லா இருந்த முழங்கைக் குழாயையும் கழட்டி மாத்தினேன். கிச்சன் குழாய்க்கு வாஷர் போட்டேன், அவங்க கேக்கவே இல்ல. பாத்ரூம் ஷவரைக் கழட்டித் துளை துளையா ஊசி வச்சுக் குத்திச் சுத்தம் பண்ணேன். போஸ்ட் மாஸ்டர் சம்சாரம், மரகதம்மான்னு பேரு, தங்கமான மனுசி. மத்தியானம் இலை போட்டுக் கூப்பிட்டாங்க.

"நல்லு, உன் சம்சாரத்துக்கு இந்த மாசம்தானே சொன்னே? எப்ப?" அப்படின்னு கேட்டாங்க.

நான் சொன்னேன், "இன்னும் பொறக்கலம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. வாய்ல வந்துருச்சு. பொறந்துருச்சுன்னு சொன்னா என்ன குழந்தைன்னு கேப்பாங்க, எப்படி இருக்குன்னு கேப்பாங்க, இனிப்பு எங்கன்னு கேப்பாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா வேலை கெடும்ல. அவங்க நல்லா பொறக்கும்ப்பா, கவலைப்படாதேன்னு சொல்லிக் குழம்பு ஊத்தினாங்க. சோத்தை எடுத்து வாயில வச்சேன். தொண்டையில நின்னுக்கிட்டு இறங்கவே இல்ல. தண்ணி குடிச்சுப் பாத்தேன். இறங்கல. கொல்லைப் பக்கம் போய்த் துப்பிட்டு வந்தேன்.

அப்புறம் மோட்டாரைப் போட்டாங்க. புது லைன்ல முதல்ல காத்து வரும். குழாயைத் திறந்ததும் சர்ர்ர்ருனு அதே சத்தம். நான் கையில இருந்த ரெஞ்சைத் தூக்கி எறிஞ்சுட்டேன். செவுத்து டைல்ஸ் ஒண்ணு உடைஞ்சு போச்சு. பதினாலு வருஷத்துல ஒரு வீட்டுலயும் நான் ஒண்ணும் உடைச்சதில்ல தம்பி.

அந்த நேரத்துலதான் ஹார்டுவேர் கடை சௌந்தர் வண்டியில வந்து இறங்கினான். நாகஜோதி எங்கெங்கயோ விசாரிச்சு அவன் நம்பரைப் பிடிச்சிருக்கா. வந்தவன் வாசல்ல நின்னு கத்துறான்: "ஏண்டா, உன் பொண்டாட்டி வயித்துத் தையலோட மதுரைக்குப் போயிட்டாடா! கையெழுத்துப் போட ஆளில்லாம புள்ளையைப் போட்டு வச்சிருந்தாங்களாம். நீ இங்க குழாய் மாட்டிக்கிட்டிருக்க!"

மரகதம்மா அங்கதான் நின்னாங்க. உள்ள போய் மோட்டாரை அணைச்சாங்க. அவ்வளவுதான்.

மீனா என்ன பண்ணியிருக்கா தெரியுமா? முதல் நாள் சாயங்காலமே நாகஜோதி போன் பண்ணி, மாமாவைக் காணோம்னு சொல்லிட்டா. காலையில எட்டு மணி வரைக்கும் பாத்திருக்கா. அப்புறம் ஊர் டாக்டர்கிட்ட, என் பொறுப்புலதான் போறேன்னு எழுதிக் குடுத்துட்டு ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டே வந்துட்டா. வழியில ஒவ்வொரு பள்ளத்துக்கும் தையலைக் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தாளாம். இங்க சக்கர நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. போன் அணைஞ்சிருந்தா என்ன, ஆளு அனுப்பிக் கேக்க முடியாதா? ஒரு ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாதா? நான் வராமலா போயிருப்பேன்?

நான் இங்க வந்து சேரும்போது சாயங்காலம் ஆறு. இதே கதவு. இதே சிவப்பு விளக்கு. மீனா நாற்காலியில உக்காந்திருக்கா. காலெல்லாம் வீங்கிப் போய்க் கிடக்கு. புள்ள உள்ள போய் மூணு மணி நேரம் ஆச்சுன்னா நாகஜோதி. என் மூஞ்சியப் பாக்காமயே சொன்னா. எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சோ, "யாரைக் கேட்டுடி கையெழுத்துப் போட்ட? அப்பன்னு ஒருத்தன் இருக்கேன்ல?"ன்னு கத்திட்டேன். வராண்டாவே திரும்பிப் பாக்குது.

மீனா என்ன சொன்னா தெரியுமா?

"பசிக்குது. ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க."

அவ்வளவுதான். அவளால பதில் சொல்ல முடியல பாத்தீங்களா. நியாயம் என் பக்கம் இருக்கப் போய்த்தானே? நான் போய் வாங்கிட்டு வந்தேன். அவ ஒண்ணைப் பிட்டுத் தின்னுட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினா. "நேத்துல இருந்து நீங்களும் ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க"ன்னா. எப்படித் தெரியும் இவளுக்கு? நான் எதுவும் சொல்லலையே.

ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்தாங்க. சேர்த்தாச்சு, மூச்சு மெசின்ல நாலு நாள் இருக்கணும்னாங்க. சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அப்பாவைக் கேக்காம எப்படிம்மா கை வச்சீங்கன்னு கேட்டுட்டேன். அவங்க கையுறை போட்ட தடம் அப்படியே இருக்கு, முகத்துல முகமூடி அழுத்தின கோடு. என்னை நேராப் பாத்துச் சொன்னாங்க: "காலையில ரெண்டு தடவை நானே இந்தக் கதவைத் திறந்து வந்து, பாண்டிமீனா குழந்தையோட அப்பா எங்கன்னு கூப்பிட்டேன். இங்க இருந்த எல்லா அப்பாவும் திரும்பிப் பாத்தாங்க. நீங்க மட்டும் இல்ல."

இது பதிலா தம்பி? பேரு சொல்லிக் கூப்பிட்டிருந்தா... சரி, நான் ஊர்லதான் இருந்தேன். இருந்தாலும்.

அதுக்கப்புறம் பதினேழு நாள். ஒரு நாள்கூட நான் நகரல. வேணும்னா இங்க கேட்டுப் பாருங்க. மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு ஓடினது நானு. ரத்தம் குடுத்தது நானு. அந்தா கை கழுவுற இடத்துல மூணு குழாய் ஒழுகிக்கிட்டே கிடந்துச்சு, மூணையும் சரி பண்ணிக் குடுத்தது நானு. ஆனா குழந்தை பக்கத்துல போய் நிக்கிறது மட்டும் மீனாதான். அவளுக்குத்தான் நேரம் இருந்துச்சு. அந்த உறிஞ்சுற மெசின் எல்லாப் பெட்டிக்குப் பக்கத்துலயும் இருக்கும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு கத்தும். எனக்கு அங்க வேலை இல்ல.

ஆறாம் நாள் ஒண்ணு ஆச்சு. நெஞ்சுல வச்சிருந்த குழாய் வழியா எச்சி வருதுன்னாங்க. சேர்த்த இடத்துல லீக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. டாக்டரம்மா சும்மா இருந்து பாப்போம், தானா மூடிக்கும்ங்கிறாங்க. நான் விடல. "லீக்குன்னா பிரிச்சுத்தானேம்மா மறுபடி சேர்க்கணும்? தானா எங்கயாவது அடையுமா? நான் பதினாலு வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன்"னு சொன்னேன்.

"உங்க பைப்புக்கு உயிர் இல்லைப்பா. இதுக்கு இருக்கு. கொஞ்சம் பொறுங்க"ன்னாங்க.

அஞ்சு நாளு. தினமும் அந்தக் குழாயில எவ்வளவு வருதுன்னு மீனா கண்ணாடி வழியாக் கையைக் காட்டுவா. முதல்ல முழுக் கட்டை விரலு. அப்புறம் பாதி. அப்புறம் நகக்கண்ணு. ஒரு நாள் விரலையே மடக்கிக்கிட்டுக் கையை மூடிக் காமிச்சா. மூடிருச்சு தம்பி! தானாவே! பதிமூணாம் நாள் மருந்து குடுத்துப் படம் எடுத்தாங்க. வெள்ளைக் கோடு வாயில இருந்து வயித்துக்கு விறுவிறுன்னு இறங்குது. நான் அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். எத்தனையோ வீட்டுல முதல் தண்ணி வர்றதைப் பாத்திருக்கேன். அன்னைக்கு மாதிரி ஒரு நாளும் நான் உக்காந்து அழுததில்ல. யாரும் பாக்கல, மாடிப்படிக்குக் கீழதான்.

முதல் பால் அஞ்சு மில்லி. நர்ஸம்மா ஸ்பூனை என்கிட்ட நீட்டினாங்க, அப்பா குடுங்கன்னு. என் கையெல்லாம் அழுக்கு, குழாய்க்கு நூல் சுத்துற பசை ஒட்டியிருக்கும்னு சொல்லி மீனாவையே குடுக்கச் சொல்லிட்டேன். கழுவிட்டு வந்திருக்கலாம்தான். தோணல.

அப்புறம் இப்ப என்ன பிரச்சினைன்னு கேக்குறீங்களா? தச்ச இடம் வளர வளரச் சுருங்குதாம். பால் இறங்கும், இட்லி இறங்காது. பலூன் மாதிரி ஒண்ணை உள்ள விட்டு விரிச்சு விடுறாங்க. இது அஞ்சாவது தடவை. இந்தத் தடவை பலூன் போகலன்னா திறந்து அந்த இடத்தை வெட்டி மறுபடி சேர்க்க வேண்டி வரலாம்னு இதுல எழுதியிருக்கு பாருங்க, இந்த வரி. நாலு தடவையும் மீனாதான் போட்டா. ஒவ்வொரு தடவையும் நான் கேப்பேன், என்னைக் கேட்டியா, என்னைக் கேட்டியான்னு. வீட்டுல சண்டை வந்தா அது எங்க ஆரம்பிச்சாலும் இங்கதான் வந்து முடியும். இன்னைக்குக் காலையில இந்தப் பேப்பரை என் கையில குடுத்துட்டா. "இருபது மாசமாக் கேக்குறீங்க. இன்னைக்கு நீங்களே போடுங்க"ன்னு சொல்லிட்டுப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கோவமாக்கூடச் சொல்லல.

ஒரு மணி நேரம் இருக்குமா? இருக்கும். நீங்க வந்து உக்காரும்போதே என் கையில இருந்துச்சுல்ல?

தம்பி, ஒண்ணு கேக்கணும். உங்க பையனுக்கு நீங்கதானே போட்டீங்க? போடும்போது எப்படி இருந்துச்சு? கை நடுங்கிச்சா? நடுங்கிச்சா... ஆனாலும் போட்டுட்டீங்க. எழுத்து கோணலாப் போனாலும் பரவாயில்லையாமா? ஏத்துக்கிறாங்களா? சரி. அந்தப் பேனாவைக் குடுங்க. இல்ல, என்கிட்டயும் இருக்கு, எழுத மாட்டேங்குது. இப்பத்தான் எழுத மாட்டேங்குது.

அந்தா கதவு திறக்குது. உங்களைத்தான் கூப்பிடுவாங்க, எந்திரிங்க. இல்ல. மீனா.

வர்றேன், வர்றேன், இதோ போட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஏன் இப்படிக் கத்துது புள்ள? மீனா, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற, என்னாச்சு? என்ன? நான் உள்ள வரணுமா? எதுக்கு? மயக்கம் வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் புள்ளையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அதுக்கு நீதானே எப்பவும் நிப்ப?

என்ன சொன்ன?

தம்பி, கேட்டீங்களா? அவளுக்குக் கால் நடுங்குதாம். இன்னைக்கு அவளால முடியாதாம். அஞ்சு தடவையும் நடுங்கிச்சாம்! ஆம்புலன்ஸ்ல வரும்போதும் நடுங்கிச்சாம். ஏண்டி, ஒரு நாளும் சொல்லலையே நீ? நான் உனக்குப் பயமே கிடையாதுன்னுல்ல... இருபது மாசமா உன் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். நான் கேக்கவே இல்லையா? சரி, கேக்கல. இங்க வந்து உக்காரு. தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்குங்க. இவளும் உங்களை மாதிரிதான், காத்துக்கிட்டிருக்கா.

இந்தாங்க சிஸ்டர். போட்டுட்டேன். கோணலாத்தான் இருக்கு, நல்லுச்சாமின்னு படிச்சுக்கலாம். புள்ளையைக் குடுங்க. இந்தக் கையை எங்க வச்சுக்கணும்? கழுத்துக்குக் கீழயா? அந்த மெசின் உள்ள ஓடுமா? சத்தம் வருமா? வரும். சரி, வரட்டும்.

செருப்பைக் கழட்டிட்டுத்தானே வரணும்? தம்பி, இந்தச் செருப்பு இங்கதான் இருக்கும், கொஞ்சம் பாத்துக்குங்க.